எலும்புப் படத்தில் தெரியாத வலி

இன்று லுணுகலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்தக் காரமான வாசத்தில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்து நாலு வருஷமாகிறது. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அந்த வாசம்தான்.

உன் அப்பா, அம்மா, தங்கச்சிகள் எல்லாரும் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து அங்கே புறப்பட்டபோது, இலங்கைப் பிரஜையான என்னைக் கட்டியிருந்ததால் நீ மட்டும் இங்கே தங்கினாய். தெமோதரை ஸ்டேஷனில் எல்லாரும் கதறினார்கள். நீ அழவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக ரயிலில் ஏற்றினாய். "தைரியசாலி" என்றார்கள். மறுவாரம் கொழுந்துக் கூடையைத் தூக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

ஒத்தடம், மந்திரித்த கயிறு, தோட்டத்து மாத்திரை எல்லாம் பார்த்தோம். இரண்டு வருஷம் போனது. வேலைக்கு வராதவள் பேரை வெட்டிவிடுவேன் என்றார், எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. நானும் ஒருநாள், "ஒனக்கு வேலைக்குப் போக மனசில்ல" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அந்தச் சொல்லுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் உன் இடுப்பை எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணுமில்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனாங்க?"

"இல்லம்மா, வலி நெசம்தான். மனசுல அடக்கி வச்சா ஒடம்பும் இறுகிப் போயிரும். இது எப்ப ஆரம்பிச்சுச்சு? அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?"

"என்னைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாய். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். எழுந்து வெளியே போகப் பார்த்த என்னை டாக்டர் உட்காரச் சொன்னார்.

வலி அன்றே போய்விடவில்லை. அவர் சொன்னபடி தினமும் நடந்தாய், முதலில் தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும். குனிந்தால் இடுப்பு ஒடிந்துவிடாது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். உன் அப்பாவுக்கு என்னைக் கடிதம் எழுத வைத்தாய். "நான் சொல்றத அப்படியே எழுதுங்க. கோவத்தக் கொறைக்காதீங்க." வலி கூடிய நாள்களில் பயந்து படுக்காமல், அன்றைக்கு மனதை அறுப்பது என்னவென்று என்னிடம் சொன்னாய். எட்டு மாதம் கழித்துக் கூடையோடு மலையேறினாய்.

அதைவிட நான் பெருமைப்படுவது வேறொன்றுக்கு. பிள்ளையைப் பறிகொடுத்து, தீராத தலைவலியால் துவண்டிருந்த பொண்ணு ஒருத்தியை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை வேலைக் கள்ளி என்றார். நீ வரிசையைவிட்டு முன்னால் போனாய்.

"அவளுக்கு வலிக்குதுங்க ஐயா. ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் துண்டு எழுதினார். அதன்பிறகு வலி என்று எத்தனை பெண்கள் நம் வாசலுக்கு வந்தார்கள்! என்னைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு நீ அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாய்.

நீ போனபிறகு என் தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் ஆயிற்று. நம் மகள் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கையைத் தொடுமுன்பே, "என் சம்சாரம் செத்துட்டாங்க ஐயா" என்றேன். ஆம்பளை அழக்கூடாது என்று வளர்ந்தவன், மகள் பார்க்க விம்மி அழுதேன். இப்போது கை தலைக்கு மேலே போகிறது. எந்த மருந்தில் குணமாச்சு என்று கேட்பவர்களிடம், இது என் பொண்டாட்டி காட்டிக்கொடுத்த வைத்தியம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.