கல் விழுந்த இடம்

இன்று காலை கடை திறந்து, ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சுட வைத்தேன். ஈயத்தோடு உருகும் ரெசின் புகை எழுந்ததும் வழக்கம்போல உங்கள் சட்டை வாசனை வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகியும் அந்தப் புகை உங்களை விடவில்லை, நானும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் அண்ணன் வந்தார். ஷோகேஸில் இருக்கும் நம் விளக்குப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். உங்களுக்குத் தெரியாமலே போய்விட்ட விஷயம். அதை உங்களிடம் சேர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீங்களும் அண்ணனும் டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அரசாங்கம் இலவச டிவி கொடுக்கப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட வருடம் அது. நம் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுவரும் நான், நீங்கள் சாப்பிடுகிற நேரத்தில் அறுந்த ஒயர்களைப் பற்றவைத்துப் பழகினேன். என் கை உங்கள் கையைவிட நிதானம் என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பள பட்டறையில உக்காந்தா எவன் செட்டக் கொண்டாந்து குடுப்பான்?" என்றார். நீங்கள் விடாமல் கேட்டதில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒரு சாமான முழுசா முடிச்சுக் காட்டட்டும். பெறகு பாக்கலாம்."

அந்தச் சாமான்தான் இந்த விளக்குப் பெட்டி. அரியலூர் நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கேட்டிருந்தார். ஐந்துக்கு ஐந்து, அப்படி ஐந்து அடுக்கு; நூற்று இருபத்தைந்து குட்டி எல்இடி விளக்குகள் தங்கள் கம்பிக்கால்களாலேயே ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கூடு. அதற்குள் வெளிச்சம் அலையாக ஓட வேண்டும். எது எப்போது எரிய வேண்டும் என்று கட்டம் போட்ட நோட்டில் கலர் பென்சிலால் தீட்டி, பிறகு அதைக் கம்ப்யூட்டரில் புரோகிராமாக எழுதுவீர்கள். நேராக ஓடும் அலை எனக்குப் புரிந்தது. சாய்வாக ஓடுவது புரியவில்லை. தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்து மூலைக்கு மூலை மடித்தீர்கள். "இந்த மடிப்பு எந்தெந்தக் கட்டத்துல படுதோ அதெல்லாம் ஒண்ணா எரியணும். அப்புறம் மடிப்ப ஒரு கட்டம் தள்ளு. அவ்ளோதான் புள்ள." அவ்ளோதான்! துண்டை மடித்து மடித்து அன்று சோறு ஆறிப்போனது.

பத்து நாளில் கூட்டைக் கட்டி முடித்தேன். போட்டுப் பார்த்தால், மூலையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் அழகாகச் சாய்ந்து வந்து நட்டநடுவில் ஓட்டையாகிவிட்டது. நடு விளக்கு மட்டும் எரியவில்லை. அவசரத்தில் கம்பிகளை முதலிலேயே வெட்டிவிட்டு, எது பிளஸ்ஸான நீளக்கால், எது மைனஸான குட்டைக்கால் என்று தெரியாமல் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். சுற்றிலும் நூற்று இருபத்து நான்கு நிற்கையில் உள்ளே அயர்ன் போகாது. கூட்டில் பாதியைப் பிரிக்க வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற வழியில் வந்து பார்ப்பதாக நகைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அண்ணன் எத்தனை டிவியைப் புகைய விட்டிருக்கிறார்! அதெல்லாம் தொழிலில் சகஜம். நான் ஒரு கம்பியை மாற்றி வைத்தால் மட்டும் பொம்பளை புத்தி.

நீங்கள் திட்டவில்லை. "ஆலத்தியூர் போறப்ப பள்ளத்துல கல்லு போடுவமே, ஞாவகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள். என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மொபெட்டை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீரில் கல் எறிந்து விளையாடுவீர்கள். இப்போது அது எதற்கு என்று எரிச்சலாக வந்தது. விடிந்து நான் எழுந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மாற்றி எழுதி முடித்திருந்தீர்கள்.

நகைக்கடைக்காரர் முன்னால் சுவிட்சைப் போட்டீர்கள். மூலையிலிருந்து அலை சாய்ந்து வந்தது. நடுவைத் தொடுவதற்கு ஒரு கட்டம் முன்னால் அணைந்தது. பிறகு அந்த எரியாத விளக்கைச் சுற்றி ஒரு சின்ன வளையம், அதைத் தாண்டி இன்னும் பெரியது என்று மேலும் கீழும் எல்லாப் பக்கமும் விரிந்து விளிம்பில் போய் அடங்கியது. அண்ணன்தான் குனிந்து பார்த்துக் கேட்டார். "நடுவுல ஏன்டா எரியல?"

"அது கல்லு விழுந்த எடம்ண்ணே. அங்க எரியக் கூடாது."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தீர்கள். நகைக்கடைக்காரர் இதை மாதிரிக்கு நம் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, இதைப்போலவே புதிதாக இரண்டு கேட்டார். நடுவில் இருட்டு கண்டிப்பாக இருக்க வேண்டுமாம். அவர் போனதும், "ஒன் தப்புக்குக்கூட ஆர்டர் வருது பாரு" என்று சிரித்தீர்கள். மறுநாள் கடையில் எனக்கு ஸ்டூல் இருந்தது. ஆனால் அண்ணனை ஏமாற்றி வாங்கிய ஸ்டூல் என்று எனக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களிடம் சொன்னால், அது பொய்யே இல்லை என்பதுபோல, "கல்லு விழுந்த எடத்துல தண்ணி எங்கடி இருக்கும்?" என்று மடக்குவீர்கள்.

இன்று காலை அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "கால் மாறிப்போச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. இத்தன வருஷம் பழுது பாத்தவனுக்கு இது தெரியாதா?"

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"அவன் எங்கிட்ட பொய்யே சொன்னதில்ல. மொத மொத ஒனக்காகச் சொன்னான். அதப் போயி கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

எத்தனை வருடம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் உள்ள வரைக்கும் போற நீள முனை அயர்ன் வந்துருச்சே, அந்த நடு வெளக்க மாத்திரலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா. அது கல்லு விழுந்த எடம்" என்றேன். "ஆமாமா, அங்க எரியக் கூடாது" என்றார். உங்கள் பொய்யை இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றி வருகிறோம்.