ஸ்லக்

பியர்பொன்ட்ஸ்,
மாசி 2004

இஞ்சேருங்கோ,

கலிபோர்னியாவில் தங்கம் தோண்டிய காலத்தில் அடித்த எட்டு மூலைத் தங்கக் காசை, உங்களைப் போல நாணயம் சேர்ப்பவர்கள் ‘ஸ்லக்’ என்பார்களாம். எனக்கு அது அப்போது எப்படித் தெரியும்? போன கோடையில் நீங்கள் கடையிலிருந்து போன் எடுத்து, “எனக்கும் ஒரு ஸ்லக் கிடைச்சிட்டுது” என்றீர்கள். மகள் அகராதி பார்த்து, துப்பாக்கிக் குண்டு என்றாள். நான் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். எத்தனை நாள் சிரித்தீர்கள்!

அந்தக் காசை உங்கள் சட்டைப் பையில் வைத்தே பெட்டியை மூடினோம். பனி உருகினால்தான் குழி வெட்டுவார்களாம். அதுவரை பெட்டி மயானக் கட்டடத்தில்தான்.

இன்று மத்தியானம் போன் அடித்தது. உங்கள் குரல்தான்.

“இஞ்சாரும், இன்னொரு ஸ்லக் கிடைச்சிருக்கு. இது உமக்கு.”

இம்முறை நான் மகளிடம் அர்த்தம் கேட்கவில்லை.

உங்கள்
‘இஞ்சாரும்’