செல்விக்குக் கொடுக்காத பழைய கூரை

ஞாயிறு, வத்தேகம.

வீட்டுத் திருத்த வேலையில் இன்று பழைய அஸ்பெஸ்டஸ் கூரை முழுவதும் இறங்கிவிட்டது. அந்தக் கூரைச் சீட்டுகளை மாட்டுக் கொட்டகைக்குத் தருவதாக இவர் தன் தங்கை செல்வியிடம் போன மாதமே சொல்லியிருந்தார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து அவள் லொறியோடு வந்து நின்றாள்.

நனைத்துத்தான் இறக்க வேண்டும், அஸ்பெஸ்டஸ் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று கூரை வேலைக்கு வந்த தச்சுப் பாஸ் நேற்றுத்தான் சொன்னார். இவர் அதைச் செல்வியிடம் சொல்லவில்லை. "குடுக்கிறதா இல்லம்மா" என்றார், அவ்வளவுதான்.

"புதுக் கூரை போட்டதும் பழசக்கூட குடுக்க மனசு வரலயா?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"இருபது வருசமா நாம அதுக்குக் கீழதானே படுத்தோம்? தெரிஞ்சா அவ தூங்க மாட்டா. கஞ்சன்னு நெனச்சுட்டுப் போகட்டும்."

இந்த மனுஷனை என்ன செய்வது.

பொழுது சாய்ந்ததும் செல்வி எனக்குப் போன் எடுத்தாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது. "அண்ணங்கூட நான் பேசப் போறதில்ல, அண்ணி. அவருக்கு இருந்த அந்த இருமல் நின்னுருச்சான்னு மட்டும் சொல்லுங்க."

நின்றுவிட்டது என்றேன். அதற்குள் உள்ளே இவர் இரும, போனைக் கையால் பொத்திக்கொண்டேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ.