பழைய சைலன்சரைத் திருப்பிப் பூட்டின நாள்

செவ்வாய், ஒக்ரோபர் 14

நாளைக் காலமை இஞ்ச சுவிஸில, சோலோதுர்னில, என்ர V8 காருக்கு அரசாங்கப் பரிசோதனை. சத்தம் கூடினா பாஸ் குடுக்க மாட்டினம்; அதால, எல்லாரும் செய்யிற மாதிரி, உறுமுற சைலன்சரைக் கழட்டி, காரோட வந்த பழசைப் பூட்டினன். மனிசியையும் ஏத்திக்கொண்டு ஓடிப் பார்த்தன். கார் பூனை மாதிரிப் போச்சு. ஆனா அக்சிலேற்றரை மிதிச்ச உடன அடியில ஒரு தட்டல்.

வந்து ஜாக் வைச்சுப் பார்த்தன். பின்சில்லுக்குப் போற ஷாஃப்டின்ர ரப்பர் கிழிஞ்சுபோய், ஒரு போல்ட் கையாலயே திரும்புது; ஓடேக்க கழண்டா ஷாஃப்டே விழுந்திடும்.

"சைலன்சர் மாத்தினதாலயோ?" எண்டாள்.

"இல்லை, இது கனநாள் தேய்மானம். அந்த உறுமலுக்குள்ள கேக்கேல்லை."

அந்த போல்டைத் தானும் ஒருக்காத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, கோடை லீவில பிள்ளையைப் பின்னால இருத்தி மலையால இறங்கேக்கையும் இது தட்டினதோ?"

நான் ஸ்பானரைத் தேடுற மாதிரிக் குனிஞ்சன். அது என்ர கையிலதான் இருந்தது.