மசாலா பாக்கெட்டில் இருந்த அக்கா

செபராங் ஜெயா
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வடிவம்மாள் அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் மீன்குழம்புத் தூள் பாக்கெட்டில் ‘இந்தத் தபால்பெட்டி எண்ணுக்குக் கையால் எழுதுங்கள், அக்கா கையாலேயே பதில் எழுதுவார்’ என்று போட்டிருந்தது. போனால் ஒரு தபால்தலைதானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிறை ஊரில் உள்ள தொழிற்சாலையில் எனக்கு லைன் லீடர் வேலை. காலை ஷிப்டுக்குப் போகும்போது சோறும் மீன்குழம்பும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கூட வேலை செய்பவர்களுக்கு விற்கிறேன். மூன்று தடவையாகக் குழம்பு கசக்கிறது. “என்னக்கா, குழம்புல மருந்து ஊத்திட்டீங்களா?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். மானம் போயிற்று. என்ன தப்பு செய்கிறேன்?

பாக்கெட்டின் பின்பக்கம் உங்கள் கதையையும் படித்தேன். கணவர் இறந்த மறு வருடமே தொழிற்சாலை வேலையை விட்டு, ஒற்றை அடுப்போடு கடை போட்டு, இரண்டு பெண்களை ஆளாக்கினீர்களாமே. என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கும் ஒரு மகள். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

உங்களைக் கண்டிராத தங்கை,
சாந்தினி


ஜார்ஜ்டவுன்
13 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை சாந்தினிக்கு,

வெந்தயம் கருகியிருக்கும், அவ்வளவுதான். எண்ணெய் ரொம்பக் காய்ந்துவிட்டால் போட்ட நொடியே கருத்துவிடும். தீயைக் குறைத்துவிட்டுப் போடு. பொன்னிறம் வந்ததும் வெங்காயத்தைக் கொட்டிவிடு. நம் தூளில் இன்னொரு கரண்டி சேர்த்துக்கொள், மணம் தூக்கும்.

உன் கணவரைப் பற்றிப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பிறகுதான் வந்து எழுதுகிறேன். மகள் என்ன படிக்கிறாள்?

பாசத்துடன்,
வடிவம்மாள் அக்கா


செபராங் ஜெயா
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

கசப்பு போயே போய்விட்டது! இருபது பொட்டலமும் முதல் இடைவேளைக்கு முன்பே காலி. இன்னொரு கரண்டி தூள் மட்டும் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள், காரம் தாங்காது. மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிறாள். கணக்கு வராது, வாய் வரும்.

ஒரு பெரிய விஷயம். எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில் ஓர் ஓரம் காலியாகிறது. கடை முதலாளி தவுக்கே என்னைக் கூப்பிட்டு, “நீ வந்து மீன்குழம்பு போடு” என்றார். அண்ணன் ராமசாமி குதிக்கிறார். “பதினோரு வருசமா பாக்குற வேலம்மா. இபிஎஃப் சேமிப்பு இருக்கு, சொக்சோ காப்பீடு இருக்கு. குழம்பு வித்தா அதெல்லாம் யாரு கட்டுவா?” என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அக்கா. ராத்திரி விடலாம் என்று தோன்றுகிறது, காலையில் வேண்டாம் என்று தோன்றுகிறது. வேலையை விட்ட அன்று நீங்கள் பயந்தீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

சாந்தினி


ஜார்ஜ்டவுன்
23 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

பயந்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ் போய்விட்டது. கடைசியில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வெயில்கூட இதமாக இருந்தது. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பார்கள். உன் மனம் சொல்வதைச் செய், தங்கச்சி. உன் கைமணம் உன்னைக் காப்பாற்றும்.

என்றும் உன் பக்கம் இருக்கும்,
வடிவம்மாள் அக்கா


செபராங் ஜெயா
28 ஆகஸ்ட் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். “உன் இஷ்டம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, செப்டம்பர் ஆறாம் தேதி, ராஜினாமா கொடுக்கிறேன். நீங்கள் செய்ததை நானும் செய்யக்கூடாதா என்ன? கடை திறக்கும் அன்று நீங்கள்தான் வந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஃபெரிப் படகில் வாருங்கள், பட்டர்வொர்த் துறையில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்துடன்,
சாந்தினி


ஜார்ஜ்டவுன்
4 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய சாந்தினி அக்காவுக்கு,

வடிவம்மாள் என்று யாரும் இல்லை. என் பெயர் ஷர்வின். வயது இருபத்தொன்று. கல்லூரியில் விளம்பரத்துறை படிக்கிறேன். மூன்று மாதப் பயிற்சிக்காக இங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறேன். மசாலா கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பாக்கெட்டில் உள்ள முகம் கணினி வரைந்தது. பின்பக்கக் கதையை நான் எழுதினேன், ஒரே மத்தியானத்தில், பபுள் டீ குடித்துக்கொண்டே. கணவர் இறந்ததாக வைத்தால் படிப்பவர் மனம் இளகும் என்று தோன்றியது, வைத்தேன். பஸ் நிறுத்தமும் வெயிலும் கற்பனை. நான் எந்த வேலையையும் விட்டதில்லை, ஒரு வேலைக்கும் போனதுகூட இல்லை. வெந்தயம் மட்டும் நிஜம், என் அம்மாவிடம் கேட்டு எழுதியது. இன்னொரு கரண்டி தூள், கம்பெனி எழுதச் சொன்னது.

உங்கள் கடைசிக் கடிதத்தை என் மேலாளர் நஜ்வாவிடம் காட்டி, மலாயில் படித்துச் சொன்னேன். “பாகுஸ்லா, பிரமாதம் ஷர்வின்! நம்பிட்டாங்க பாரு, அதுதானே நம்ம வேலை” என்று தட்டிக்கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. வகுப்பிலும் எனக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். நம்பியவர் நாள் குறித்துக்கொண்டு வேலையை விடப் போவார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் நன்றாக எழுதினேனா, தப்பாக எழுதினேனா? எனக்குத் தலை சுற்றுகிறது.

வெள்ளிக்கிழமை கொடுக்காதீர்கள். கொடுத்தாலும், என்னை நம்பிக் கொடுக்காதீர்கள். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று நானே ஃபெரி ஏறி வந்து உங்கள் தபால் பெட்டியில் இதைப் போடுகிறேன். கதவைத் தட்டத் தைரியமில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஷர்வின்


செபராங் ஜெயா
10 செப்டம்பர் 2024

தம்பி ஷர்வினுக்கு,

‘அக்கா’ என்று எழுதிப் பழகிவிட்ட கை. இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலமே உன் கடிதம் கிடைத்தது. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். என் புருஷனுக்காக மூன்று நாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன் தம்பி. உனக்கு அது ஒரு வரி.

வெள்ளிக்கிழமை பழையபடி லைனில் போய் நின்றேன். அண்ணன் போன் போட்டு, “நல்ல காரியம் செஞ்சம்மா. இனிமே நிம்மதியா இருலா” என்றார். அதைக் கேட்டதும் கழிப்பறைக்குப் போய் அழுதேன். நல்ல காரியம் செய்தவளுக்கு எதற்கு அழுகை? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சனி, ஞாயிறு எதிர்க் காப்பிக்கடையின் அந்த ஓரத்தைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேற்று வேறு தாள் எடுத்து ராஜினாமா எழுதி, கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் காலம் முடிந்ததும் கடை.

அக்காவை நம்பி எழுதிய ராஜினாமாவை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நேற்று எழுதியதில் என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு நல்லது செய்தாயா, கெடுத்தாயா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. கடை ஓடினாலும் தெரியாது, மூடினாலும் தெரியாது.

அந்தப் பெட்டி எண்ணுக்கு இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே. என்றைக்காவது கடைக்கு வந்தால், நீ யார் என்று சொல்லிவிடாதே. சொன்னால் தட்டைப் பிடுங்கினாலும் பிடுங்கிவிடுவேன். சொல்லாமல் உட்கார்ந்தால், பசியோடு வந்த பிள்ளை என்று மீன் ஒரு துண்டு கூட வைப்பேன்.

சாந்தினி