கரண்டிச் சோறு

நவம்பர் 18, செவ்வாய்

எழுத்து கோணுகிறது, இடக்கையால் எழுதுகிறேன். பாரிஸில் ரூ பெர்தொனே தெருக் கடையில் கொத்துரொட்டி கொத்திக் கொத்தியே வலது தோளில் தசைநார் அறுந்துவிட்டது. போன கிழமை தைத்தார்கள். திரும்பக் கொத்தலாமா என்று கேட்டால் டாக்டர் "பார்ப்போம்" என்கிறார்.

ஊரிலிருக்கும் மனைவிக்குச் சொல்லவில்லை. சொன்னால் நித்திரை கொள்ளமாட்டாள். இன்றும் வழமைபோல வீடியோவில் பேசியபடியே இருவரும் சாப்பிட்டோம். கட்டுப் போட்ட கையை ஜாக்கெட்டால் மூடிவிட்டு, இடக்கையில் கரண்டி பிடித்தேன்.

"என்னப்பா, சோத்துக்கும் கரண்டியோ? வெள்ளைக்காரனாவே மாறிட்டியள்."

"ஓம், பழகிட்டுது."

சிரித்தாள். "சரி, எனக்குக் கை காயுது, வைக்கிறன்."

பழக்கத்தில் நானும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன். கழுவ ஒரு பருக்கைகூடக் கையில் இல்லை. இருந்தும் இடக்கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன்.