ஒரு சொம்புத் தண்ணீர்

இன்று காலை ராயபுரம் ஸ்டேஷன் அருகே சைக்கிள் கடைக்காரர் புது கிரீஸ் டப்பாவைத் திறந்தார். மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. அடியில் திரிந்த பால் மாதிரி சோப்பு. "சே, இன்னா கலீஜா கீது!" என்று முகம் சுளித்தார். எனக்கு உடனே உமது முகம்தான் நினைவுக்கு வந்தது, ஐயா. செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். சொல்லத்தான் போகிறேன்.

திருவொற்றியூர் கிரீஸ் தொழிற்சாலைக்குத் தலைமை ரசாயனியாக நீர் வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினீர். கொழுப்பு அமிலத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் காய்ச்சினால் தண்ணீரில் கரையாத சோப்பு வரும். அதுதான் எண்ணெயைப் பிடித்துவைத்து கிரீஸாக்கும் என்றீர். பத்து வருஷமாக அதையே காய்ச்சிக்கொண்டிருந்த கொப்பரைக்காரர் ஆரோக்கியமும் கைகட்டி நின்று கேட்டார்.

காய்ச்சி முடிக்கும் நேரத்தில் அவர் கொப்பரையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கிளறியதைப் பார்த்ததும் உமக்கு வந்ததே கோபம்! "எண்ணெயில் தண்ணீரா? காட்டுமிராண்டி!"

"ரவ ஈரம் இல்லாங்காட்டி பிரிஞ்சிடும் சார்," என்றார் அவர்.

நீர் கேட்கவில்லை. சொட்டு ஈரம் இல்லாமல் வற்றக் காய்ச்ச வைத்தீர். அந்தச் சோப்பு எண்ணெயைப் பிடித்து நிற்பதே அந்தக் கொஞ்சம் ஈரத்தால்தான். ஒரு கிண்ணத்தில் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கிண்ணத்தைத் தொட்டால் உமது பட்டம் அழுக்காகிவிடும் அல்லவா?

துறைமுகத்துக்குப் போன டப்பாக்கள் எல்லாம் பிரிந்துபோய்த் திரும்பி வந்தன. 'கொப்பரைக்காரர் தண்ணீர் கலந்ததால் கெட்டது' என்று கூசாமல் அறிக்கை எழுதினீர். ஆரோக்கியத்தின் வேலை போயிற்று. மறுவாரமே அதே சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, உமது புது முறை என்று முதலாளியிடம் பெருமை அடித்தீர். தூ! நீர் செத்ததும் உமக்கு மாலை போட்டு அனுப்பினார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வேலை போன சில மாதம் கழித்து ஆரோக்கியத்தை மாதா கோயில் வாசலில் பார்த்தேன். மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னா நைனா, இப்போ தண்ணி ஊத்துறாங்களா? கிரீஸ் நல்லா நிக்குதா?" என்றார்.

"நிக்குது," என்றேன்.

"அது போதும்," என்று சிரித்தார்.

உமது அறிக்கைக்குச் சாட்சியாக ஆய்வக உதவியாளர் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? நீர் பேனாவை நீட்டினீர், நான் போட்டேன். அதை மட்டும் அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.